தூக்கத்தில் நியூரான்கள் சேர்ந்து துடிக்கின்றனவா? எதை வைத்துச் சொல்வது?

தென்காசிப் பக்கத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, எலியின் பெருமூளைப் புறணியில் ஒரே சமயத்தில் 40 நியூரான்களின் துடிப்புகளைப் பதிவு செய்த தரவு ஒன்று பொதுவில் கிடைத்தது. விழிப்பு, ஆழ்தூக்கம் ஆகிய இரண்டு நிலைகளிலும் 780 ஜோடிகளுக்கும் ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டுப் பார்த்தேன். தூக்கத்தில்தான் அதிகமாக வருகிறது. பி-மதிப்பு பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. ‘தூக்கத்தில் நியூரான்களின் ஒத்திசைவு கூடுகிறது’ என்று எழுதிவிடலாமா? ஒத்திசைவை அளக்க இருக்கும் முறைகளில் எது சரியான முறை?”

இப்போதைக்கு எழுத வேண்டாம், தம்பி. உங்கள் முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கலாம். (துறைக்குப் புதியவர்களுக்கு: நியூரான் துடிப்பது என்றால் அது சட்டென்று ஒரு மின்சைகை விடுவது. இரண்டு நியூரான்களின் துடிப்பு எவ்வளவு சேர்ந்து கூடிக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவுக் கெழு. தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாகவே இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்பது பி-மதிப்பு.) ஆனால் நீங்கள் கணக்கிட்ட அந்த ஓர் எண்ணுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எந்த முறையைக் கையில் எடுத்தாலும் தூக்கத்தில் எண் கூடத்தான் செய்யும். ‘இரண்டு நியூரான்களுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் எத்தனை தடவை சேர்ந்து துடித்திருக்கும்?’ என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் ‘தொடர்பே இல்லை’ என்பதற்கு நீங்கள் என்ன பொருள் கொடுக்கிறீர்களோ, அதுவே உங்கள் முறையைத் தீர்மானிக்கும்.

நம் ஊர்க் கொடையை நினைத்துப் பாருங்கள். சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து நடக்கிறது. இரண்டு மகுடங்கள், அதாவது தோல் பறைகள், ஒன்று உச்சம், மற்றது மந்தம். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்து நிற்பார்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி கதையைத் தொடங்கும் முன்னிரவில் அடி நிதானமாக விழும். சாமக்கொடை நெருங்க நெருங்க வேகம் ஏறும். நள்ளிரவில் இரண்டு மகுடமும் ஒரே தோலாக ஒலிப்பதுபோல் இருக்கும். அங்கே நிற்பவனுக்கு ‘அடி சேர்ந்துவிட்டது’ என்றுதான் தோன்றும்.

இப்போது அந்த இருவரையும் பிரித்து, ஒருவரை இந்த ஊரிலும் மற்றவரை ஆற்றுக்கு அக்கரையிலும் நிறுத்துங்கள். ஒருவர் அடி மற்றவருக்குக் கேட்காது. அடிகள் தற்செயலாக விழுவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நொடிக்கு 2 அடி. இரண்டு அடிகள் முன்பின் 25 மில்லி நொடிக்குள் விழுந்தால் ‘சேர்ந்தது’ என்று எண்ணுவோம். அதாவது சாளரத்தின் மொத்த அகலம் 50 மில்லி நொடி. 2 × 2 × 0.05 என்று பெருக்கினால் நொடிக்கு 0.2, நிமிடத்துக்கு 12 முறை சேரும். இருவரும் வேகத்தை 8 ஆக ஏற்றினால்? நிமிடத்துக்கு 192. வேகம் நான்கு மடங்குதான் ஏறியது, சேர்க்கை பதினாறு மடங்கு ஏறிவிட்டது. ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

நியூரானும் இப்படித்தான். ஒரு மூளை நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது துடிப்பு வீதம் மாறுகிறது. வீதம் மாறினால் தற்செயல் சேர்க்கையும் மாறும். ஆகவே, சேர்ந்து விழுந்த துடிப்புகளை வெறுமனே எண்ணி இரண்டு நிலைகளை ஒப்பிடுவது எதையும் சொல்லாது. இது முதல் கலப்படம். இதைப் பெரும்பாலோர் அறிவார்கள். நீங்களும் ஒட்டுறவுக் கெழு போட்டிருப்பதால் ஓரளவு திருத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது கலப்படம்தான் ஆளைக் கவிழ்ப்பது.

1967-இல் பெர்க்கல், கெர்ஸ்டீன், மூர் ஆகிய மூவர் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார்கள். துடிப்புத் தொடரைக் காலக்கோட்டில் விழும் புள்ளிகளாகப் பாருங்கள் என்றார்கள். ஒரு நியூரானின் ஒவ்வொரு துடிப்பையும் பூச்சியமாக வைத்து, மற்ற நியூரான் அதற்கு எத்தனை மில்லி நொடி முன்போ பின்போ துடித்தது என்று எண்ணிக் கட்டங்களாக வரைந்தால் குறுக்கு ஒட்டுறவு வரைபடம் கிடைக்கும். இன்றைக்கும் நான் எந்த மென்பொருளையும் திறக்குமுன் இதைத்தான் வரைகிறேன். இருவருக்கும் தொடர்பில்லை என்றால் வரைபடம் தட்டையாக இருக்கும். ஒரு நியூரான் மற்றதை நேரடியாக உந்தினால் பூச்சியத்தைத் தாண்டி ஓரிரு மில்லி நொடியில் ஊசிபோல் ஒரு முனை எழும். இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மெதுவாக ஏறி இறங்கினால், பூச்சியத்தின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான மில்லி நொடிக்குப் பரந்த மேடு ஒன்று தெரியும். ஊசியும் மேடும் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகவும் வரும். உங்கள் ஒட்டுறவுக் கெழு இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது.

இந்த மேடு ஏன் தூக்கத்தில் பெரிதாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1993-இல் மிர்சியா ஸ்டெரியாடேயும் உடன் பணியாற்றியவர்களும் பூனைகளில் ஒரு மெதுவான அலைவை விவரித்தார்கள். அது ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவானது. ஆழ்தூக்கத்திலும் சில மயக்க மருந்துகளின் பிடியிலும் புறணி நியூரான்கள் கூட்டமாக விழித்துத் துடிக்கும், பிறகு கூட்டமாக அடங்கும். மேல்நிலை, கீழ்நிலை என்று இவற்றைச் சொல்கிறார்கள். கீழ்நிலையில் கிட்டத்தட்ட முழு அமைதி.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். விழிப்பில் இரண்டு நியூரான்கள், ஒன்றையொன்று அறியாமல் நொடிக்கு 5 துடிப்பு. சாளரம் முன்பின் 5 மில்லி நொடி, மொத்தம் 10. பத்து நிமிடத்தில், அதாவது 600 நொடியில், 5 × 5 × 0.01 × 600 என்று 150 சேர்க்கைகள் எதிர்பார்க்கலாம். இப்போது தூக்கம். சராசரி வீதம் அதே 5 தான். ஆனால் பாதி நேரம் கீழ்நிலையில் ஊமையாகக் கிடந்து, மீதிப் பாதியில் நொடிக்கு 10 என்று துடிக்கின்றன. மேல்நிலைக்குள் ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை. சேர்க்கைகள் எத்தனை? 10 × 10 × 0.01 × 300. அதாவது 300. சரியாக இரட்டிப்பு. சராசரி வீதம் இம்மியும் மாறவில்லை, மில்லி நொடி அளவில் எந்த ஒழுங்கும் புதிதாகப் பிறக்கவில்லை, ஆனாலும் ‘ஒத்திசைவு’ இரட்டிப்பாகிவிட்டது. இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள் தம்பி. நான் முதன்முதலில் போட்டபோது, அதுவரை படித்த பாதிக் கட்டுரைகளை மறுபடியும் எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று.

வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போனால் பணகுடி தாண்டியதும் இரு பக்கமும் காற்றாலைகள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும்போது எல்லாக் காற்றாலைகளும் சுழலும். காற்று அடங்கினால் எல்லாமே மெதுவாகும். இரண்டு காற்றாலைகளின் வேகத்தை நிமிடத்துக்கு நிமிடம் குறித்தால் ஒட்டுறவு அபாரமாக வரும். இரண்டையும் இணைக்கும் சங்கிலி ஏதும் இல்லை, இணைப்பது காற்று. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு காற்றாலைகளின் இறக்கைகளும் ஒரே நொடியில் உச்சிக்கு வருகின்றனவா என்று பார்த்தால், அது வேறொரு கேள்வி. முதலாவது வீதங்களின் கூட்டு ஏற்ற இறக்கம். இரண்டாவது நுண்காலத்தில் நேரும் ஒத்திசைவு. தமிழில் நாம் இரண்டுக்கும் ‘ஒத்திசைவு’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் கூடுகிறது. உங்கள் ஆய்வேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள்.

ஒளி, ஒலி போன்ற ஒரே தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பதிவு செய்யும் சோதனைகளுக்குக் கார்லோஸ் பிராடி 1999-இல் இதையே காட்டினார். ஒவ்வொரு தூண்டலின்போதும் இரண்டு நியூரான்களின் கிளர்ச்சித்திறன் (எவ்வளவு எளிதில் துடிக்கும் என்பது) சேர்ந்து கூடிக் குறைந்தாலும், துடிக்கத் தொடங்கும் நேரம் சேர்ந்து முன்னே பின்னே போனாலும், வரைபடத்தில் ஒத்திசைவு போன்ற முனை எழுந்துவிடும். ஒரு நியூரானின் முதல் தூண்டல் பதிவை மற்றதன் இரண்டாம் தூண்டல் பதிவோடு பொருத்தித் தற்செயலைக் கழிக்கும் பழைய முறை இதைப் பிடிக்காது. ஏனென்றால், அந்தக் கழித்தல் எல்லாத் தூண்டல்களும் ஒன்றுபோல் இருந்தன என்று நம்புகிறது. தூக்கத்திலோ தூண்டலே இல்லை, கழிக்க ஏதும் கிடையாது.

சரி, முறைகளுக்கு வருவோம். காட்ஸ், எக்லன் இருவரும் 2014-இல் ஜோடி நியூரான்களின் ஒட்டுறவை அளக்கும் 35 அளவுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். வீதம் மாறினால் மாறக் கூடாது, சமச்சீராக இருக்க வேண்டும், இரண்டு நியூரான்களும் அமைதியாக இருக்கும் நேரத்தை ‘ஒற்றுமை’ என்று எண்ணக் கூடாது என்பவைபோன்ற நிபந்தனைகளை வைத்தார்கள். கடைசியில் ஒரு புதிய கெழுவை முன்வைத்தார்கள். ஒரு நியூரானின் ஒவ்வொரு துடிப்பைச் சுற்றியும் சிறு சாளரத்தை ஓடு பதிப்பதுபோல் பதிப்பது அதன் யோசனை. மொத்த நேரத்தில் எத்தனை பங்கை ஓடுகள் மூடுகின்றன என்று முதலில் பார்க்கிறோம். மற்ற நியூரானின் துடிப்புகளில் எத்தனை பங்கு அந்த ஓடுகளின்மேல் விழுந்தது என்று பிறகு பார்க்கிறோம். தற்செயல் என்றால் இரண்டு பங்கும் சமம், வித்தியாசம் பூச்சியம். இதை இரு திசையிலும் செய்து, மேல் எல்லை 1 வரும்படி வகுத்து, சராசரி எடுக்கிறார்கள். முதல் கலப்படத்துக்கு இது நல்ல மருந்து. உங்கள் கெழுவுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் இரண்டாவது கலப்படத்துக்கு? மேலே சொன்ன கற்பனை ஜோடியையே இதில் போட்டுப் பாருங்கள். விழிப்பில் பூச்சியம் வரும். தூக்கத்தில் ஓடுகள் மொத்த நேரத்தில் சுமார் 4.8 விழுக்காட்டை மூடும். மற்ற நியூரானின் துடிப்புகளோ 9.5 விழுக்காடு ஓட்டின்மேல் விழும், ஏனென்றால் ஓடுகளும் துடிப்புகளும் மேல்நிலைக்குள்ளேயே அடைந்துகிடக்கின்றன. கெழு சுமார் 0.048 வரும். மில்லி நொடி ஒழுங்கு துளியும் இல்லாத ஜோடிக்கு இந்த எண்! நூற்றுக்கணக்கான ஜோடிகளில் இது வந்தால் பி-மதிப்பு பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். கெழுவில் குற்றமில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தந்தது. நாம்தான் வேறு கேள்விக்கு அந்தப் பதிலை ஒட்டுகிறோம்.

இந்த இடத்தில்தான் ஜிட்டர் முறை வருகிறது. என்னிடம் கேட்டால், உங்கள் வேலைக்கு முதன்மையானது இதுதான். இதன் கணித அடிப்படையை அமரசிங்கம், ஹாரிசன், ஹாட்சொபூலஸ், கெமன் ஆகியோர் 2012-இல் தெளிவாக எழுதினார்கள். செய்முறை எளிது. பதிவு நேரத்தை 25 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துடிப்பையும் அது இருக்கும் துண்டுக்குள்ளேயே வேறோர் இடத்தில் தற்செயலாகப் போடுங்கள். துண்டுக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு மாறவே கூடாது. இப்படி 1000 போலித் தொடர்களைச் செய்து, ஒவ்வொன்றிலும் சேர்க்கைகளை எண்ணுங்கள். உண்மைத் தரவின் எண்ணிக்கை இந்த ஆயிரத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உண்மையை எட்டிய அல்லது மிஞ்சிய போலிகளின் எண்ணிக்கையோடு 1 கூட்டி 1001-ஆல் வகுத்தால் பி-மதிப்பு.

இதன் அழகு என்னவென்றால், மேல்நிலை, கீழ்நிலை, அன்றைய எலியின் களைப்பு, மின்முனை மெல்ல நகர்ந்தது என 25 மில்லி நொடியைவிட மெதுவான எல்லாம் போலித் தொடரிலும் அப்படியே இருக்கும். அவற்றால் வரும் சேர்க்கை இரு பக்கமும் சமமாக ஏறி, கழிந்துபோகும். மிஞ்சுவது அதைவிட நுண்ணிய ஒழுங்கு மட்டும். ‘தொடர்பில்லை’ என்பதற்கு இங்கே துல்லியமான பொருள் உண்டு: ‘25 மில்லி நொடிக்குக் கீழே துடிப்பின் இடம் எதையும் பொறுத்ததில்லை.’ துண்டின் அகலத்தை மாற்றினால் கேள்வியும் மாறும். 10, 25, 50, 100 என்று நான்கு அகலங்களில் செய்து நான்கையும் காட்டுங்கள். ஒரே அகலத்தை மட்டும் காட்டும் கட்டுரையைப் படிக்கும்போது மற்றவற்றில் என்ன வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு ஏறும் விளிம்பு சில சமயம் மிகச் செங்குத்தாக இருக்கும். துண்டு அகலமாக இருந்தால் அந்த விளிம்பே போலியில் மழுங்கி, ஒத்திசைவு என்ற பெயரில் மிச்சத்தில் வந்து நிற்கும். இன்னொன்று, ஒரு நியூரான் துடித்தவுடன் ஓரிரு மில்லி நொடி மறுபடி துடிக்காது. சில நியூரான்கள் கொத்தாகத் துடிக்கும். தனித்தனியாக அசைத்தால் இந்த உள்ளொழுங்கு கெட்டுவிடும். கொத்தைக் கொத்தாகவே வைத்து அசைக்கும் மாற்று முறை உண்டு. உங்கள் நியூரான்களில் கொத்துத் துடிப்பு அதிகம் என்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில், மயக்க மருந்து கொடுத்த விலங்கின் பதிவைப் பகுத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு ஜோடியின் வரைபடம். பூச்சியத்தில் நல்ல முனை, உயரம் பக்கவாட்டைப்போல் இரண்டரை மடங்கு. உடனிருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தோம். அன்று மாலை 20 மில்லி நொடித் துண்டில் ஜிட்டர் ஓட்டினோம். போலித் தொடர்களின் சராசரியைச் சாம்பல் கோடாக அதே படத்தின்மேல் போட்டபோது, அந்தக் கோடு முனையின்மேல் ஒட்டிக்கொண்டு ஏறி, அதே உயரத்தில் வளைந்து, அதே போல் இறங்கியது. ஒரு மயிரிழைகூட மிஞ்சவில்லை. நாங்கள் பார்த்தது முழுக்க முழுக்கக் காற்று, இறக்கைகள் அல்ல. வேறொரு ஜோடியில், நாங்கள் கவனிக்காமல் ஒதுக்கியிருந்த சின்ன முனை ஒன்று, சாம்பல் கோட்டுக்கு மேலே இரண்டு மில்லி நொடி அகலத்தில் தனியே நின்றது. அதுதான் உண்மையான கண்டுபிடிப்பு. உயரமான முனைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தவறவிட்டிருப்போம்.

எக்கரும் உடன் பணியாற்றியவர்களும் குரங்குகளின் பார்வைப் புறணியில் கண்டதும் இதையொட்டியதுதான். விழித்திருக்கும் குரங்குகளில் ஜோடிகளுக்கிடையே எண்ணிக்கை ஒட்டுறவு (ஒரு காலத்துண்டில் விழும் துடிப்பு எண்ணிக்கைகளின் ஒட்டுறவு) பூச்சியத்துக்கு மிக அருகில் இருப்பதாக 2010-இல் அறிவித்தார்கள். மயக்க மருந்தின் கீழ் அது நன்றாகக் கூடியிருந்ததை 2014-இல் காட்டினார்கள். எல்லா நியூரான்களும் பகிர்ந்துகொள்ளும் ஒரே ஒரு மறைவான ஏற்ற இறக்கத்தைக் கணித மாதிரியில் சேர்த்துக் கழித்தவுடன், மிஞ்சியது விழித்திருந்த நிலையின் அளவுக்கு இறங்கிவிட்டது. மூளை நிலை மாறியபோது மாறியது பெரும்பாலும் அந்தப் பொதுக் காற்றுதான். இதைச் சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பொதுக் காற்றையே அளப்பதும் நல்ல அறிவியல். கவனத்தைக் குவிக்கும்போது எண்ணிக்கை ஒட்டுறவு குறைகிறது என்று 2009-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டது இந்த வகைதான். நுண் ஒத்திசைவு என்று அதற்குப் பெயர் சூட்டாமல் இருந்தால் போதும்.

மூன்றாவது கலப்படம் இன்னும் நுட்பமானது. 2007-இல் டி லா ரோச்சாவும் மற்றவர்களும் காட்டியது: இரண்டு நியூரான்களுக்கு வரும் உள்ளீட்டின் ஒட்டுறவு மாறாமலே இருந்தாலும், துடிப்பு வீதம் கூடினால் வெளியே வரும் துடிப்புகளின் ஒட்டுறவு கூடும். துடிப்புக்கு ஒரு வாசல் இருப்பதால், அதாவது உள்ளீடு ஓர் அளவைத் தாண்டினால்தான் நியூரான் துடிக்கும் என்பதால், வரும் விளைவு இது. வாசலுக்கு வெகு கீழே கிடக்கும் நியூரான் பொது உள்ளீட்டை வெளியே காட்டாது. வாசலருகே நிற்பது காட்டிவிடும். ஆகவே கெழு எவ்வளவுதான் சீரானதாக இருந்தாலும், வீதம் வேறுபடும் இரண்டு நிலைகளை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஜோடியின் இரு வீதங்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அந்த மதிப்பு இரு நிலைகளிலும் ஒத்த பரவலில் இருக்கும்படி ஜோடிகளையும் காலத்துண்டுகளையும் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். கூடுதலாக இருக்கும் துடிப்புகளைத் தற்செயலாக நீக்கி வீதத்தைச் சமன்செய்யும் குறுக்குவழியை நான் விரும்புவதில்லை. நீக்குவதே எண்ணிக்கை ஒட்டுறவைக் குறைத்துவிடும்.

இந்தச் சிக்கலை 1994-இல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் எப்படித் தாண்டினார்கள் என்று பாருங்கள். எலி ஓர் இடத்தில் நடமாடியபோது சேர்ந்து துடித்த ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) நியூரான்கள் பிறகு தூக்கத்திலும் சேர்ந்து துடிக்கின்றனவா என்பது அவர்கள் கேள்வி. தூக்கத்தை விழிப்போடு ஒப்பிட்டிருந்தால் மேலே சொன்ன எல்லாக் கலப்படமும் வந்திருக்கும். அவர்கள் நடமாட்டத்துக்குப் பிந்தைய தூக்கத்தை முந்தைய தூக்கத்தோடு ஒப்பிட்டார்கள். நிலை ஒன்றுதான், இடையில் அனுபவம் மட்டும் புகுந்தது. சில சமயம் நல்ல புள்ளியியல் முறை என்பது நல்ல ஒப்பீட்டைத் தேர்ந்தெடுப்பதுதான். உங்கள் தரவிலும் இப்படி ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூளையின் மின்னலைகளோடு துடிப்பு எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பதையும் நீங்கள் பார்க்கக்கூடும் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துடிப்பும் அலையின் எந்தக் கட்டத்தில் (ஏற்றம், உச்சி, இறக்கம்) விழுந்தது என்று வட்டத்தில் குறித்து, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி அம்பின் நீளத்தைப் பூட்டலின் அளவு என்கிறார்கள். துடிப்புகள் வட்டமெங்கும் சிதறிக் கிடந்தாலும் இந்த நீளம் பூச்சியம் ஆகாது. 25 துடிப்பு மட்டும் இருந்தால் தற்செயலாகவே 0.2 அளவுக்கு வரும். 400 துடிப்பு இருந்தால் 0.05 தான். ஆகவே குறைவாகத் துடிக்கும் நிலையில்தான் ‘பூட்டல்’ அதிகமாகத் தெரியும். துடிப்பு எண்ணிக்கையால் நீளத்தின் வர்க்கத்தைப் பெருக்கி, 1 கழித்து, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் இந்தச் சாய்வு போய்விடும். வின்க் முதலானோர் 2010-இல் தந்த ஜோடிவாரிக் கட்ட ஒருமைப்பாடு இதற்குச் சமமானது. இரண்டு அலைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் கோஹிரன்ஸ் அளவுக்கும் இதே நோய் உண்டு. 10 துண்டுகளை வைத்துக் கணக்கிட்டால், தொடர்பே இல்லாத அலைகளுக்கும் அதன் வர்க்கம் சராசரியாக 0.1 வரும். விழிப்புக்கு 200 துண்டும் கனவுத் தூக்கத்துக்கு 15 துண்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள்.

இனி உங்கள் பி-மதிப்பு. இதில்தான் எனக்கு அதிகக் கவலை. 780 ஜோடிகள் என்று சொல்கிறீர்கள். ஆனால் நியூரான் 40 தான். ஒவ்வொரு நியூரானும் 39 ஜோடிகளில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நியூரானின் பதிவில் கோளாறு இருந்தால் 39 எண்கள் ஒருசேரக் கெடும். ஊரில் நாற்பது பேரை விசாரித்துவிட்டு, அவர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிய 780 தடவையையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணுவதுபோன்றது இது. அதற்கும் மேலே, இந்த நாற்பதும் ஒரே எலியின், ஒரே நாளின் நாற்பது. ‘எலிகளில்’ என்று பொதுவாக எழுத வேண்டுமென்றால் மாதிரியின் அலகு எலிதான். ஐந்து எலி இருந்தால் உங்கள் கையில் ஐந்து எண்கள்தான் இருக்கின்றன என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு எலி, பதிவு, நியூரான் என்று படிப்படியாகத் திரும்பக் கூறெடுக்கும் அடுக்கு பூட்ஸ்ட்ராப் முறையில் பிழை எல்லையைப் போடுங்கள். ஒரே எலிதான் இருக்கிறது என்றால் ‘இந்த எலியில்’ என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு ஜோடியையும் தனியே சோதித்து ஐந்து விழுக்காட்டு வரம்பு வைத்தால், எதுவுமே இல்லாத தரவிலும் சராசரியாக 39 ஜோடிகள் ‘ஒத்திசைந்து’ நிற்கும். பல சோதனைகளைச் சேர்த்துச் செய்யும்போது வரும் பொய்க் கண்டுபிடிப்புகளைக் கட்டுப்படுத்த பெஞ்சமினி, ஹாக்பெர்க் 1995-இல் தந்த திருத்தத்தைச் செய்யுங்கள். அதற்கு ஆயிரம் போலி போதாது. மிகச் சிறிய பி-மதிப்பே 1/1001 என்பதால் போலிகளின் எண்ணிக்கையை ஏற்றுங்கள்.

நிலைகளின் பெயர்ப்பலகையையும் சோதித்தாக வேண்டும். மெதுவாக நகரும் எந்த இரண்டு தொடர்களும் தொடர்பில்லாமலே ஒட்டுறவு காட்டக்கூடும் என்று புள்ளியியலாளர் உட்னி யூல் 1926-லேயே எழுதிவைத்தார். 1866 முதல் 1911 வரையிலான இங்கிலாந்தின் இறப்பு வீதத்துக்கும், மொத்தத் திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் பங்குக்கும் 0.95 ஒட்டுறவு வந்தது அவர் தந்த உதாரணம். எலி பதிவின் முதல் பாதியில் விழித்திருந்து இரண்டாம் பாதியில் தூங்கினால், அதற்குள் மின்முனை சற்று நகர்ந்திருந்தால், நிலை வேறுபாடு என்று நீங்கள் காண்பது வெறும் நகர்வாக இருக்கலாம். விழிப்பு, தூக்கம் என்ற பெயர்வரிசையைத் துண்டு துண்டாகக் கலைக்காமல், முழு வரிசையையும் காலத்தில் வட்டமாகச் சுழற்றி, ஒவ்வொரு சுழற்சிக்கும் உங்கள் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். உண்மையான வரிசை மற்றவற்றிலிருந்து விலகி நின்றால்தான் அது நிலையால் வந்த வேறுபாடு.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் முதல் நாளே செய்ய வேண்டியது. ஒரே மின்முனையில் பதிவான இரண்டு நியூரான்களின் ஜோடிகளை நுண் ஒத்திசைவுக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் அலைவடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, பிரிக்கும் மென்பொருள் ஒன்றையோ இரண்டையுமோ தொலைத்துவிடும். வரைபடத்தில் பூச்சியத்தில் ஒரு பள்ளம் தெரியும். அதைப் பார்த்து ‘ஒன்றையொன்று தடுக்கின்றன’ என்று எழுதியவர்களும் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் திங்கட்கிழமை காலையில் எந்தக் கெழுவையும் கணக்கிட மாட்டேன். பத்து ஜோடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, விழிப்புக்கும் தூக்கத்துக்கும் வரைபடம் வரைந்து, மேலே ஜிட்டரின் சாம்பல் கோட்டைப் போட்டு, சுவரில் ஒட்டிவைத்துப் பார்ப்பேன். மேடு எவ்வளவு, ஊசி எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு, 5 மில்லி நொடியிலிருந்து 1 நொடி வரை சாளர அகலத்தை மாற்றி மாற்றி ஒட்டுறவைக் கோடாக வரைவேன். இரண்டு நிலைகளின் கோடுகளும் எந்த அகலத்தில் பிரிகின்றன என்பதைப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 200 மில்லி நொடிக்கு மேல் மட்டும் பிரிந்தால் ‘தூக்கத்தில் வீதங்களின் கூட்டு ஏற்ற இறக்கம் கூடுகிறது’ என்று எழுதுங்கள். 10 மில்லி நொடியிலும் பிரிந்து, ஜிட்டருக்குப் பிறகும் அந்தப் பிரிவு மிஞ்சினால், நீங்கள் எழுத விரும்பிய வாக்கியத்தைத் துணிந்து எழுதலாம்.

கனவுத் தூக்கத்தின் மொத்த நேரம் எத்தனை நிமிடம், எலிகள் எத்தனை, ஒரு மின்முனைக்கு எத்தனை நியூரான் பிரிந்தது ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. அதைப் பார்த்துத்தான் கனவுத் தூக்கத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா என்று சொல்ல முடியும்.